விழுந்தவுடன் பார்க்காமல் விட்ட ஒரு நிமிடம்: கோத்தகிரித் தோட்டப்பாதையில் ஒரு சைக்கிள் பழுது

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, கோத்தகிரியிலிருந்து கொடநாடு பக்கமாகத் தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் 24 கிலோமீட்டர் சுற்று ஒன்று போனோம். மூன்று பேர்: நான், சித்தப்பா மகன் (தம்பி என்றே சொல்கிறேன்), எங்களோடு பல வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு அண்ணன். தோட்டத்தில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியிருந்தோம். காலை 7:10-க்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்குள் திரும்பி, சாப்பிட்டுவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கிவிடலாம் என்பது கணக்கு. கடைசியில் தார்ச்சாலையைத் தொட்டபோது மாலை 5:20. நவம்பரில் அங்கே ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், கோத்தகிரித் தோட்டங்களில் கரடி நடமாட்டம் உண்டு, காட்டெருமை பற்றிச் சொல்லவே வேண்டாம். அரை மணி நேரம் தள்ளிப்போயிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும்.

அன்றைக்கு என்ன உடைந்தது, எதை எப்படிச் சரிசெய்தோம், எங்கே தப்பு செய்தோம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி எழுதி வைத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கருவி இல்லாததால் நாங்கள் மாட்டிக்கொள்ளவில்லை. ஆலன் கீ செட், செயின் கட்டர், பம்ப், இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாமே இருந்தன. எது ஏன் கெட்டது என்று பார்க்காமல் கெட்டதை மட்டும் சரிசெய்ய ஓடினோம், அதில்தான் நாள் போனது.

8:05, ஈரத் திருப்பம்

வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் நல்ல மழை பெறும். முந்தின இரவும் பெய்திருந்தது, செம்மண் வழுவழுவென்று கிடந்தது. ஒரு வலதுபக்கத் திருப்பத்தில் தம்பிக்கு முன்சக்கரம் நழுவியது. மெதுவாகத்தான் போனான், விழுந்ததும் மெதுவாகத்தான். வலதுபக்கமாகச் சாய்ந்து, முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு. "ஒண்ணும் இல்லண்ணா, வாங்க போலாம்" என்று எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏறிவிட்டான். மொத்தமே இருபது வினாடி. நானும் அண்ணனும் அவன் கையைப் பார்த்தோமே தவிர சைக்கிளைப் பார்க்கவில்லை.

சைக்கிள் வலதுபக்கமாக விழுந்தால் எளிதில் அடிபடுவது பின்டீரெய்லர், அதாவது கியர் மாறும்போது செயினைத் தள்ளும் அந்தக் கை. அது ஃபிரேமில் நேரடியாக மாட்டப்படுவதில்லை. நடுவில் ஹேங்கர் என்று ஒரு சின்ன அலுமினியத் துண்டு இருக்கும், பெரும்பாலான மவுண்டன் பைக்குகளில் கழற்றி மாற்றக்கூடியது. வேண்டுமென்றேதான் அதை மெலிதாகச் செய்கிறார்கள், அடிபட்டால் ஃபிரேம் வளைவதற்குப் பதில் அது வளையட்டும் என்று. அது அன்றைக்கு அப்படித்தான் வளைந்தது, சில மில்லிமீட்டர் உள்பக்கமாக, சக்கரத்தை நோக்கி. ஒரு நிமிடம் பின்னால் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். டீரெய்லரில் மேலும் கீழும் இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களை ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு கேசட்டின் (பின்சக்கரத்தில் இருக்கும் பற்சக்கர அடுக்கு) பற்சக்கரங்களுக்கு இணையாக, நேர் கீழே இறங்க வேண்டும். கீழ்முனை உள்ளே சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது.

இத்தனைக்கும் அறிகுறி இல்லாமல் இல்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் மூன்று தடவையாவது "கியர் கொஞ்சம் கடகடங்குதுண்ணா" என்று தம்பி சொன்னான். கேபிள் இழுவை போலிருக்கிறது என்று நான்தான் ஷிஃப்டர் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் விசை) பக்கத்துத் திருகைக் கால் சுற்றுத் திருப்பச் சொன்னேன். சத்தம் குறைந்தது, அதோடு விட்டுவிட்டோம். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். விழுவதற்கு முன்னால் சரியாக இருந்த கியர் விழுந்த பிறகு சத்தம் போட்டால், கேபிளைத் தொடுவதற்கு முன் ஹேங்கரைப் பாருங்கள். கேபிளைத் திருகினால் நடுக் கியர்களில் சத்தம் போய்விடும், ஆனால் கடைசிப் பெரிய பற்சக்கரத்துக்குப் போகும்போது டீரெய்லர் சக்கரக் கம்பிகளுக்குள் நுழையும் ஆபத்து அப்படியே இருக்கும்.

9:20, என் பின்டயர்

இது தனிக்கதை. தம்பியின் சைக்கிளோடு இதற்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் ஒன்றே கால் மணி நேரத்தைத் தின்றது, பதற்றத்தையும் ஏற்றியது. பிறகு நடந்ததில் அந்தப் பதற்றத்துக்கும் பங்கு உண்டு.

தேயிலையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள். செடியை இடுப்புயரத்துக்கும் கீழே வெட்டி இறக்கும்போது குச்சிகள் சரிவாக, ஈட்டி முனை போல வெட்டுப்பட்டு விழும், பாதையோரம் அதைத்தான் குவித்திருந்தார்கள். என் பின்டயர் ஒரு குச்சி மேல் ஏறியதும் புஸ்ஸென்று சத்தம், வெள்ளைப் பால் பீய்ச்சியது. டியூப்லெஸ் டயர், உள்ளே லேடெக்ஸ் சீலண்ட். தரையில் படும் பகுதியில் சின்ன ஓட்டை என்றால் ஓட்டையைக் கீழ்ப்பக்கமாக வைத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாலே சீலண்ட் அடைத்துவிடும். இது பக்கச்சுவர். நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் மேல்.

முதலில் பிளக் போட்டேன். பைக் பஞ்சர் கடையில் டியூப்லெஸ் டயருக்குக் குத்துவார்களே அதே மாதிரிப் பிசுபிசுப்பான ரப்பர் திரி, அளவில் சின்னது. ஒன்று குத்தினேன், கசிந்தது. இரண்டாவதையும் பக்கத்திலேயே குத்தினேன், நின்றது. முப்பது மீட்டர் ஓட்டியதும் இரண்டும் சேர்ந்து துப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டன. பக்கச்சுவர் மெலிது, ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரியும், திரிக்குப் பிடிமானம் கிடைக்காது. தரைப் பகுதியில் அதே அளவு கிழிசலுக்கு அதே திரியை வைத்துப் பல மாதம் ஓட்டியிருக்கிறேன். பக்கச்சுவரில் அரை சென்டிமீட்டருக்கு மேல் கிழிந்தால் இப்போதெல்லாம் நான் பிளக்கை எடுப்பதே இல்லை, நேராக டியூப்தான்.

சரி, டியூப் போடலாம் என்று டயரைக் கழற்றினால் டியூப்லெஸ் வால்வின் நட்டு இறுகிக் கிடந்தது, சீலண்ட் காய்ந்து பசை மாதிரிப் பிடித்திருந்தது. விரலால் திருகி வரவில்லை. அண்ணன் செயின் கட்டரின் வாய்க்குள் அதைப் பிடித்துத் திருகித்தான் எடுத்தார். வீட்டில் நான் பிளையர் போட்டு இறுக்கிய நட்டு அது. கையால் இறுக்கியதைத்தான் காட்டில் கையால் கழற்ற முடியும்.

கிழிசலுக்கு உள்பக்கம் ஒரு தடுப்பு வைக்காமல் டியூப் போட்டால், காற்றடித்ததும் டியூப் கிழிசல் வழியாகக் கொப்புளம் மாதிரி வெளியே வந்து வெடிக்கும். என்னிடம் பிஸ்கட் கவர்தான் இருந்தது, நாலாக மடித்து வைத்தேன். டியூபைப் போட்டு, டயரை ஏற்றி, கையளவுப் பம்பில் முன்னூறு தடவைக்கு மேல் அடித்து, கிளம்பி, பத்து நிமிடத்தில் மறுபடியும் சப்பை.

கொப்புளம் வரவில்லை. டியூபைக் கழற்றிக் காற்றடித்துப் பார்த்தால் கிழிசல் இருந்த இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் மூன்று ஊசி ஓட்டைகள். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அண்ணன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிக்கொண்டே வந்து நிறுத்தி, "இங்க தொட்டுப் பாரு" என்றார். முள். ஒன்றல்ல, ஏழு. டியூப்லெஸ் டயரில் முள் குத்தினால் சீலண்ட் சத்தம் இல்லாமல் அடைத்துவிடும், நமக்குத் தெரியாது, முள்ளும் அங்கேயே நிற்கும். இப்படி ஒரு வருடச் சேகரிப்பு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. டியூப் இல்லாத வரைக்கும் அவற்றால் ஒரு தொல்லையும் இல்லை, டியூப் போட்ட நொடியில் அத்தனையும் வேலையைக் காட்டின. டியூப்லெஸ் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்காவது இது தெரியாது என்று நினைக்கிறேன், எனக்கும் அன்று வரை தெரியாது. உள்ளே டியூப் போகும் முன் டயரின் உள்பக்கம் முழுக்க, மெதுவாக (விரலைக் கிழித்துக்கொள்ளாமல், ஒரு துணியை வைத்துத் தடவினால் துணி மாட்டும்) ஒரு சுற்றுத் தடவி முள்ளையெல்லாம் எடுத்துவிட வேண்டும்.

அந்த நேரத்தில் கவாத்துக் கத்தியோடு ஒரு பெரியவர் அந்த வழியாக வந்தார். நாங்கள் பிஸ்கட் கவரை மறுபடி மடித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது தாங்காது தம்பி, இருங்க" என்று சொல்லிப் பக்கத்துக் கொட்டகையிலிருந்து பழைய உரச்சாக்கு ஒன்றை எடுத்து வந்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தார். நெய்த பிளாஸ்டிக் சாக்கு. இழுத்தால் நீளாது, முனை கூராக இருக்காது, மடித்தால் மடியும். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி வைத்தால் அதன் ஓரமே டியூபை அறுக்கும், காகிதம் ஈரத்தில் கரையும். இது இரண்டுக்கும் நடுவில் கச்சிதமான பொருள். அதை இரண்டாக மடித்து வைத்து, இரண்டாவது டியூபைப் போட்டு ஓட்டினேன். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது சாக்குத் துண்டு இம்மியும் நகரவில்லை. இப்போது என் பையில் பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டும், அந்தச் சாக்குத் துண்டும் இரண்டுமே இருக்கின்றன.

"ஐயா, எவ்வளவு தரணும்?" என்று அண்ணன் கேட்டதற்கு அவர் கையை ஆட்டிவிட்டு, "இருட்டுறதுக்குள்ள ரோட்டுக்கு ஏறிடுங்க, நேத்துக்கூட அந்த ஓடைக்கிட்ட கரடி நின்னுச்சு" என்றார். அப்போது மணி 10:30 தான். இருட்டா, நமக்கா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சின்ன விஷயம், டயர் கழன்றிருந்தபோதே நடந்தது. என் சக்கரம் வெளியே இருக்கும்போது தம்பி சைக்கிளைத் தூக்கிச் சாய்க்கையில் பின்பிரேக் லீவரை அழுத்திவிட்டான். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் நடுவில் தட்டு இல்லாமல் லீவரை அழுத்தினால் இரண்டு பிஸ்டனும் முன்னே வந்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தட்டு உள்ளே நுழையாது. டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவரைப் பேடுகளுக்கு நடுவே விட்டு, பக்கவாட்டில் மெதுவாக நெம்பிப் பின்னுக்குத் தள்ளினோம், பத்து நிமிடம். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பேடின் முகம் உதிரும். இப்போது சக்கரம் கழற்றினால் ஒரு அட்டையை மடித்துப் பேடுகளுக்கு நடுவே செருகிவிடுகிறோம்.

(மவுண்டன் பைக் விளையாட்டின் பழைய பந்தயம் ஒன்றுக்குப் பெயரே பழுதுபார்ப்பிலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976 அக்டோபர் 21 அன்று முதல் ரீபேக் பந்தயம் நடந்தது. அந்தச் செங்குத்து மண்சாலையில் பழைய சைக்கிள்களை இறக்கினால் பின்சக்கரக் குடத்துக்குள் இருக்கும் பிரேக் சூடேறி கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் குடத்தைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது, அந்த மறுபடி அடைப்பதற்குத்தான் ரீபேக் என்று பெயர்.)

12:10, ஏற்றம்

தாமதமாகிவிட்டது என்று மூன்று பேரும் வேகமெடுத்தோம். ஓடையைத் தாண்டியதும் ஒரு செங்குத்து. தம்பியின் சைக்கிள் பின்னால் பதினோரு கியர், சின்னது 11 பல், பெரியது 51 பல், முன்னால் ஒரே பற்சக்கரம், 32 பல். காலையிலிருந்து அவன் 51-க்குப் போகவே தேவைப்படவில்லை, அன்றைக்கு முதல்முறையாக அங்கேதான் போட்டான், முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே. வளைந்த ஹேங்கரால் ஏற்கெனவே சக்கரத்தை ஒட்டி நின்ற டீரெய்லர் ஸ்போக் கம்பிகளுக்குள் போனது. சக்கரம் அதைச் சுழற்றி மேலே தூக்கியது. ஒரு வினாடிகூட இல்லை, மரக்கிளை முறிகிற சத்தம். ஹேங்கர் இரண்டாக ஒடிந்து, டீரெய்லர் கேபிளில் தொங்கி, செயின் முறுக்கி, வலதுபக்கக் கம்பி ஒன்று அறுந்து, இன்னும் இரண்டில் வெட்டுக் காயம்.

காலையில் விழுந்ததையும் இதையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஒடிந்த ஹேங்கரைக் கையில் வைத்துப் பார்த்தபோது ஒடிந்த விளிம்பு பளபளவென்று புதிதாக இருந்தது, ஆனால் அதற்கு மேலே வளைவில் ஏற்கெனவே செம்மண் ஒட்டிக் காய்ந்திருந்தது. காலையில் விழுந்தபோது ஒட்டிய மண். அப்போதுதான் அண்ணன் "எட்டு மணிக்கே இது போயிடுச்சுடா" என்றார்.

மாற்று ஹேங்கர் இல்லை. இதில் ஒரு கொடுமை என்னவென்றால் ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம், ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்குப் பொருந்தாது. 2019-இல் ஸ்ராம் நிறுவனம் எல்லா ஃபிரேமுக்கும் ஒரே ஹேங்கர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, புது ஃபிரேம்கள் பலவற்றில் அது வந்துவிட்டது, தம்பியுடையது அதற்கு முந்தியது. ஆகவே மிச்சம் இருந்த ஒரே வழி டீரெய்லரை முழுதாகக் கழற்றிவிட்டு, செயினைக் குறுக்கி ஒரே கியர் சைக்கிளாக மாற்றுவது. எல்லாரும் இதைக் கேள்விப்பட்டிருப்போம், செய்து பார்த்தவர்கள் குறைவு. நாங்கள் முதல் தடவை தப்பாகச் செய்தோம்.

முதலில் சக்கரம். அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றி டேப் போட்டு ஒட்டினோம், சுழலும்போது அடிக்கக் கூடாதே. வலதுபக்கக் கம்பி அறுந்ததால் அந்த இடத்தில் ரிம் இடப்பக்கமாக இழுபட்டு, டயர் ஃபிரேமில் உரசியது. அறுந்த கம்பிக்கு இரு பக்கமும் இருக்கும் இடப்பக்கக் கம்பிகள் இரண்டின் நிப்பிளையும் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் குட்டி நட்டு) அரைச் சுற்றுத் தளர்த்தியதும் உரசல் நின்றது. முழுக்கக் கோட்டம் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ரிம்மைப் பிடிக்கிற பழைய பிரேக் என்றால் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு, டிஸ்க் பிரேக்கில் ரிம் ஆடினால் ஆடட்டும், ஃபிரேமில் படாமல் இருந்தால் போதும்.

அடுத்து செயின். ஏற்றம் இருக்கிறதே, கொஞ்சம் லேசான கியராக வைப்போம் என்று பின்னால் 33 பல் உள்ள பற்சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தேன். முறுக்கிய பகுதியை வெட்டி எறிந்து, அளவுக்குக் குறுக்கி, பையில் இருந்த குவிக் லிங்க் (செயினின் இரு முனையையும் கோக்கும், திறந்து மூடக்கூடிய கண்ணி) போட்டு இணைத்தோம். செயின் தளர்வு நன்றாகவே இருந்தது, கீழ்ப்பக்கம் விரலால் தூக்கினால் இரண்டு சென்டிமீட்டர் ஆடும். தம்பி ஏறி நாலு மிதி மிதித்தான், செயின் வீணைத் தந்தி மாதிரி விறைத்துப் பெடலே நின்றுவிட்டது.

காரணம் இதுதான். முன்னால் இருக்கும் பற்சக்கரம் கேசட்டின் நடுப்பகுதிக்கு நேராக இருக்கும். 33 அதற்கு உள்பக்கம். செயின் சாய்ந்து போகும். கேசட்டின் பற்களிலோ செயினைப் பக்கத்துப் பெரிய பல்லுக்கு ஏற்றிவிடவே சரிவும் பள்ளமும் செதுக்கியிருப்பார்கள். வழக்கமாக டீரெய்லர் செயினை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கும், அது இல்லாதபோது சாய்ந்த செயின் தானாகவே 39-க்கு ஏறப் பார்க்கும், ஏற நீளம் போதாமல் பாதியில் இறுகும். அந்த இறுக்கத்தில் இன்னும் பலமாக மிதித்தால் செயின் அறும், இல்லையென்றால் கேசட் பல் வளையும். நல்லவேளை, அவன் நிறுத்திவிட்டான்.

ஆகவே கியர் லேசா கனமா என்பது இரண்டாம் பட்சம். மேலிருந்து பார்த்தால் செயின் நேர்கோடாக ஓடும் பல்லைத்தான் எடுக்க வேண்டும். அடுத்து 24 பல். இரண்டு ஜோடிக் கண்ணிகளைக் கழற்றினோம். இப்போது தொளதொளவென்று நாலு சென்டிமீட்டர் தொங்கியது, ஒரு குலுக்கலில் கழன்றுவிடும். இன்னொரு ஜோடியைக் கழற்றினால் 24-இல் இணைக்கவே முடியாது. இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவியது, அண்ணன் மணலில் விரலால் போட்டுக் காட்டினார். செயினை ஜோடி ஜோடியாகத்தான் குறுக்க முடியும், ஒரு ஜோடி ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். ஒரு ஜோடி என்பது நாலு பல் வித்தியாசத்துக்குச் சமம், ஏனென்றால் செயின் பற்சக்கரத்தில் பாதியைத்தான் சுற்றுகிறது. அப்படியானால் 24-லிருந்து மூன்று பல் குறைவான 21-க்குப் போய் ஒரு ஜோடியையும் கழற்றினால், மூன்று பல்லுக்கான நீளம் மிச்சமாகும், நாலு பல்லுக்கான நீளத்தைக் கழற்றியிருப்போம், மொத்தத்தில் ஆறு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இறுகும். அதே மாதிரி இறுகியது, தொங்கல் இரண்டு சென்டிமீட்டருக்கு வந்தது. 21-உம் நடுவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, செயின் நேராக ஓடியது. இந்தக் கணக்கு தெரியாமல் எந்தப் பல்லில் வைத்தாலும் ஒன்று இறுகுகிறது இல்லை தொங்குகிறது என்று கைவிடுகிறவர்கள் உண்டு.

ஒவ்வொரு தடவையும் குவிக் லிங்கைத் திறக்க வேண்டியிருந்தது, அதற்கான பிளையர் எங்களிடம் இல்லை. ஷூ லேஸைக் கழற்றி, லிங்கின் இரண்டு முனையிலும் உருளைகளுக்கு வெளியே வளைத்து, குறுக்காகப் போட்டு இரண்டு பக்கமும் வெடுக்கென்று இழுத்தால் முனைகள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து திறந்துகொள்ளும். முதல் தடவை ஆறேழு முயற்சி, பிறகு பழகிவிட்டது. மூடுவதற்கு லிங்கைச் செயினின் மேல்பக்கத்துக்குக் கொண்டுவந்து, பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஓங்கி ஒரு மிதி, டக் என்று சத்தம் கேட்கும். இந்த லிங்குகள் பலவற்றையும் மறுபடி மறுபடி திறந்து மூடுவதற்காகச் செய்யவில்லை, வீட்டுக்கு வந்ததும் அதைத் தூக்கிப் போட்டேன். 11 கியர் செயினுக்கு 11 கியர் லிங்க்தான், 10-க்கானதோ 12-க்கானதோ சரிப்படாது, இதையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். செயினின் சொந்த ஊசியையே மறுபடி உள்ளே தள்ளி இணைப்பது பழைய தடிமனான செயின்களில் நடக்கும். இந்த மெல்லிய செயின்களில் ஊசியின் தலை சிதைந்துவிடும், இறக்கத்தில் பரவாயில்லை, ஏற்றத்தில் அறும்.

அண்ணனுடையது பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள். அவருக்கு இது நடந்திருந்தால் இந்த வைத்தியம் செல்லாது. பின்சக்கரம் மேலும் கீழும் அசையும்போது முன்னுக்கும் பின்னுக்கும் தூரம் மாறும், குறுக்கிய செயின் ஒரு பள்ளத்தில் அறும், அடுத்த மேட்டில் கழலும். ஷாக்கைப் பூட்டி வைத்து, உட்காராமல் மெதுவாக ஓட்டலாம், பெரும்பாலும் தள்ளத்தான் வேண்டும்.

மணி 1:50. மிச்சம் 13 கிலோமீட்டர். 32-க்கு 21 என்பது சமதளத்தில் நல்ல கியர், செங்குத்தில் முடியாது. ஏற்றத்தில் எல்லாம் மூன்று பேரும் இறங்கித் தள்ளினோம். தம்பி மட்டும் தள்ள, நாங்கள் மேலே போய்க் காத்திருப்பது என்ற பேச்சே எழவில்லை. சிக்னல் இல்லாத இடம், கரடி இருக்கும் இடம். செயின் ஒருமுறைதான் கழன்றது, கற்கள் நிறைந்த ஒரு இறக்கத்தில், அதுவும் அவன் மிதிக்காமல் பின்னுக்குச் சுற்றியதால். ஒற்றைக் கியராக மாற்றிய பிறகு இறக்கத்தில் பெடலைப் பின்னுக்குச் சுற்றக் கூடாது, செயின் வெளியே வந்துவிடும்.

தள்ளிக்கொண்டு போகும்போது அண்ணன் யூஜின் கிறிஸ்டோஃப் கதையைச் சொன்னார், எனக்கு அது ஏற்கெனவே தெரியும், ஆனாலும் அந்த ஏற்றத்தில் வேறு மாதிரிக் கேட்டது. 1913 டூர் டி பிரான்ஸில் தூர்மலே மலை இறக்கத்தில் அவருடைய முன் ஃபோர்க் உடைந்தது. விதிப்படி பிறர் உதவி கூடாது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்து சான்த்-மாரி-த-காம்பான் என்ற ஊரின் கொல்லன் பட்டறைக்குப் போய், அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நிற்க, தானே ஃபோர்க்கைக் காய்ச்சி அடித்துச் சேர்த்தார். துருத்தியை ஒரு பையன் ஊதினான் என்பதற்காக நேரத் தண்டனை வேறு போட்டார்கள். எங்களுக்கு ஒரு பெரியவர் சாக்கை அறுத்துக் கொடுத்தார், அதற்கு யாரும் தண்டனை போடவில்லை. அவரைத் தேடி அடுத்த மாதம் போனோம், அன்றைக்கு வேறு பக்கம் வேலை, பார்க்க முடியவில்லை.

பிறகு

கடையில் சைக்கிளைக் கொடுத்தபோது தம்பியின் டீரெய்லரே பிழைத்துவிட்டது, குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் கூண்டை மட்டும் நிமிர்த்தினார்கள். மூன்று கம்பி, ஒரு செயின், ஒரு ஹேங்கர் புதிது. ஹேங்கர் வந்து சேர மூன்று வாரம் ஆனது. தேவைப்படும் நாளில் கடையில் கிடைக்கும் பொருள் அல்ல அது, ஆகவே சைக்கிள் வாங்கும் அன்றைக்கே இரண்டாவது ஒன்றைச் சேர்த்து வாங்கச் சொல்லி இப்போது கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். மூன்று பேரும் ஆளுக்கொன்று வாங்கி சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். வெட்டிய செயினில் நேராக இருந்த எட்டுக் கண்ணிகளையும் ஒரு புது குவிக் லிங்கோடு பையில் போட்டிருக்கிறோம். நான் என் டயரில் சீலண்ட் மாற்றும்போதெல்லாம் உள்ளே தடவி முள் எடுக்கிறேன், போன தடவை நாலு கிடைத்தன.

ஜனவரியில் அதே பாதையில் மறுபடி போனோம். இந்தத் தடவை விழுந்தது அண்ணன், வலதுபக்கம்தான். அவர் எழுந்து நிற்பதற்குள் தம்பி சைக்கிளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அண்ணா, உள்ள சாஞ்சிருக்கு" என்றான். செயினைச் சின்னப் பல்லுக்கு இறக்கி, டீரெய்லரைப் பிடித்திருக்கும் போல்ட்டில் 5 மில்லிமீட்டர் ஆலன் கீயைச் செருகி, கீயையும் டீரெய்லரின் உடம்பையும் சேர்த்துப் பிடித்து (கீழே தொங்கும் கூண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது) மெதுவாக வெளிப்பக்கம் இழுத்தான், பின்னால் போய்ப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் இழுத்தான். அப்புறம் சக்கரத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராக ஏற்றிப் பார்த்தோம். கடைசிப் பல்லில் கூண்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி இன்னும் குறைவாகத்தான் தெரிந்தது, ஆகவே டீரெய்லரில் எல் என்று குறித்த திருகை உள்ளே முறுக்கி அந்தப் பல்லுக்கே போகாதபடி அடைத்துவிட்டோம். ஆறு நிமிடம். மிச்ச 15 கிலோமீட்டரையும் பெரிய பல் இல்லாமல் ஓட்டி 12:40-க்குக் கோத்தகிரி வந்து சாப்பிட்டோம். அந்த ஹேங்கரை அன்று சாயங்காலமே கழற்றிப் புதிதை மாட்டினார், ஒருமுறை வளைந்து நிமிர்ந்த அலுமினியம் அடுத்த அடியில் வளையாமல் நேராக ஒடிந்துவிடலாம்.